சஹனில் மிஹோவின் பக்கம்

போன வாரம் சென்னை மெட்ரோவில் நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். இரண்டு நிலையம் முன்னாடியே எழுந்து, கதவருகே போய் நின்று, கம்பியை விரலால் தட்டிக்கொண்டிருக்கிற ரகம் நான். என்னைப் போன்றவர்கள் நிலையத்தைத் தவறவிடுவது லேசில் நடக்காது. எதிர் இருக்கையில் ஒரு ஜப்பானியப் பெண் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள், அவ்வளவுதான். வறுத்த பார்லித் தேநீரின் வாசனை. கோதுமையை வாணலியில் போட்டுவிட்டு ஃபோன் பேசப் போனால் அடுப்படியிலிருந்து ஒரு வாசனை வந்து நம்மைத் திட்டுமே, கிட்டத்தட்ட அதுதான். சுதாரித்துக்கொண்டு எழுந்தபோது கதவு மூடிவிட்டது.

அந்தத் தேநீரை நான் முதலில் குடித்தது துபாயில், ஜுமைராவில், மிஹோ வீட்டில். தொண்ணூறுகளின் நடுவில். எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது. ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து அவள் அம்மா தம்ளரில் ஊற்றித் தந்தார். பால் ஊற்றாத சுலைமானித் தேநீரில் ஐஸ் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வாயில் வைத்தேன். சர்க்கரையே இல்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் இல்லையா? சர்க்கரை வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா முகம் மாறாமல் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து எனக்கு ஒரு கரண்டி போட்டார். தன் தம்ளரிலும் ஒரு கரண்டி போட்டு, கலக்கி, குடித்தார். மிஹோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உலகத்தில் யாரும் அந்தத் தேநீருக்குச் சர்க்கரை போடுவதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காக அந்த அம்மா அந்தக் கண்றாவியை ஒரு சொட்டு விடாமல் குடித்திருக்கிறார்.

இந்த விருந்து எப்படி வாய்த்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் இந்தியப் பள்ளிக்கூடத்துக்கும் அங்கே ஜப்பானியப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஆசிரியர்கள் சிலர் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். குளிர்கால விடுமுறையில் இங்கிருந்து ஒரு பிள்ளை அந்த வீட்டில் போய்ச் சில நாள் தங்க வேண்டும், பிறகு அந்த வீட்டுப் பிள்ளை இந்த வீட்டில் வந்து தங்க வேண்டும். கலாச்சாரப் பரிமாற்றம் என்று பெயர். பரீட்சை வருஷத்தில் இதெல்லாம் எதற்கு என்று பாதிப் பெற்றோர் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் எங்கள் கட்டடம் முழுக்க ஜப்பான் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் போனது வாப்பாவின் கூட்டாளி ஒருத்தரின் பிக்கப்பில், துணி மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஜுமைராவுக்கு.

வாப்பா சம்மதித்ததுதான் ஆச்சரியம். பக்கத்து ஃபிளாட்டுக்குப் போனாலே கடையிலிருந்து ஃபோன் போட்டு விசாரிக்கிறவர் அவர். பழைய துபாயில், தேராவில், நைஃப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் துணிக்கடை, அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வீடு. ஊருக்குப் போகிற நம் ஆட்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிற ஜப்பான் சேலைதான் வாப்பாவின் சோறு. ஓரத்தில் அச்சடித்த எழுத்தைப் பார்க்காமல், கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு தடவை உரசியே இது கொரியா, இது ஜப்பான் என்று சொல்வார். பள்ளிக்கூடத்திலிருந்து தாள் வந்ததும் உம்மா மூக்கைச் சுளித்தாள். வாப்பாவோ, சாயம் போகாத துணி நெய்கிறவன் வீட்டில் பிள்ளையை விடலாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மிஹோவின் அப்பா துணியே விற்கவில்லை, கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலைகளுக்குப் பம்பு விற்றார் என்பது பிறகு தெரிந்தபோது வாப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வாப்பா சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நான் ஊருக்குப் போக வேண்டும். கீழக்கரையில் பெரியும்மா வீட்டில் இருந்து பிளஸ் டூ படிக்க வேண்டும். படிப்பு என்பது பேச்சுக்கு. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பெரியும்மா ஃபோனில் சொன்னது எனக்கும் காதில் விழுந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் என்னைவிட மூத்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். போவதற்கு முன் பிள்ளை ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வாப்பா நினைத்திருக்க வேண்டும். ஊருக்குப் போவதைப் பற்றி வாப்பா என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை. "சரி வாப்பா" என்றேன். எதற்கும் வாயடிக்கிறவள், அதற்கு மட்டும் அந்த இரண்டு வார்த்தை.

வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கோளாறு உண்டு. எங்கேயும் நிலைகொள்ளாது. எங்கள் வீட்டில் அலமாரிக்கு மேலே சூட்கேஸ் எப்போதும் தூசி துடைத்துத் தயாராக இருக்கும். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், காலி பண்ணும்போது ஓட்டை தெரியுமாம். நல்ல கண்ணாடித் தம்ளர் வாங்கினால் அது ஊருக்கு என்று பெட்டிக்குள் போய்விடும், நாங்கள் ஜாம் பாட்டிலில் தண்ணீர் குடிப்போம். வாழ்வது இங்கே, வாழ்க்கைக்கான சாமான் எல்லாம் அங்கே. சாப்பிடும்போதுகூட நான் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். காலை ஆட்டாதே என்று உம்மா முதுகில் ஒன்று வைப்பாள். இன்றைக்கும் ஆட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மிஹோ வீட்டில் என் கால் ஆடியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே என்னைத் திணறடித்தது கிண்ணங்கள். ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம், ஆளுக்கொரு குச்சி, ஆளுக்கொரு சின்னத் தட்டில் மீன் துண்டு. மிஹோவின் அப்பா கிண்ணத்தில் வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள், அவர் ஊரில் இல்லாத நாளிலும். எனக்கென்று மஞ்சள் பூப்போட்ட கிண்ணம் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள். நாங்கள் இறைச்சியில் ஹலால் பார்ப்போம் என்று ஆசிரியை சொல்லியிருந்ததால், அந்த அம்மா வம்பே வேண்டாமென்று தேரா மீன் மார்க்கெட்டுக்கு வந்து மீனாகவே வாங்கிப் போயிருந்தார். எல்லோரும் கையைக் கூப்பி ஏதோ சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார்கள். முடியும்போது கிண்ணத்தில் ஒரு பருக்கை இருக்காது, கழுவி வைத்ததுபோல இருக்கும். நான் கடைசிப் பருக்கையைக் குச்சியால் துரத்திக்கொண்டிருக்க, மூன்று பேரும் எழுந்திருக்காமல் எனக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே தட்டில் நாலு கை போகும். அங்கே அத்தனை பேர் சுற்றி இருந்தும் தனியாகச் சாப்பிட்டதுபோலத்தான் எனக்கு இருந்தது.

இன்னொன்று. மிஹோ வெளியே போகும்போது வாசலில் நின்று ஏதோ சொல்வாள், திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது வேறேதோ சொல்வாள். போய்வருகிறேன், வந்துவிட்டேன் என்று அர்த்தமாம். உள்ளேயிருந்து அம்மா பதில் சொல்வார். ஒருநாள் நாங்கள் கடைக்குப் போய்விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அப்போதும் சொன்னாள். யாரிடம் சொல்கிறாய் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜப்பானில் இருக்கிற அத்தை வேலைக்குப் போகிறவர், ஏப்ரலிலிருந்து நான் பள்ளி விட்டு வரும்போது அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், பழகிக்கொள்கிறேன் என்றாள்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்போடு முடிகிறது. மேலே படிக்க ஜப்பானுக்குத்தான் போக வேண்டும், அவளும் மார்ச்சில் தனியாகப் போகிறாள், ஒஸாகா பக்கத்தில் அத்தை வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை ஜுமைரா கடற்கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது அவள் இதையெல்லாம் விவரமாகச் சொன்னாள். நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில், இருவருக்கும் அரைகுறை, அதனால் சுற்றி வளைக்க வழியில்லை. ஜப்பானில் உனக்கு யாரைத் தெரியும் என்று கேட்டேன். அத்தை வீட்டு நாயைத் தெரியும் என்றாள். நானும் போகப்போவதைச் சொன்னதும், கீழக்கரையில் எனக்கு யாரைத் தெரியும் என்று அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்தால், லீவுக்குப் போகிறபோது கன்னத்தைக் கிள்ளி எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று கேட்கிறவர்களைத் தவிர எனக்கும் யாரையும் தெரியவில்லை. ஊருக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டு முதன்முதலில் சொன்னது அந்த மணலில், அவளிடம்தான். அவள் தலையாட்டிவிட்டு பார்லித் தேநீரை எனக்கு ஊற்றினாள், சர்க்கரை இல்லாமல். கொஞ்ச தூரத்தில் அவள் அம்மா ஒரு துணிப்பையை மடியில் வைத்து, பனியன், காலுறை, துண்டு ஒவ்வொன்றிலும் மகள் பெயரை நூலால் தைத்துக்கொண்டிருந்தார். கடற்கரையிலுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அங்கிருந்து உடனே எழுந்து எங்காவது ஓட வேண்டும்போல இருந்தது.

அடுத்த வாரம் மிஹோ எங்கள் வீட்டுக்கு வந்தாள். உம்மா மூன்று நாள் முன்பிருந்தே அடுப்பை விட்டு நகரவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி விருந்தென்றால் சஹன். சஹன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஒரு பெரிய வட்டத்தட்டு. நடுவில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறியை மேலே வைத்து, தரையில் விரிப்பு போட்டுச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவோம். அவரவருக்கு முன்னால் இருப்பது அவரவர் பக்கம். நல்ல துண்டு யார் கையில் அகப்பட்டாலும் விருந்தாளி பக்கம் தள்ளிவிட வேண்டும். விருந்தாளி அதைத் திருப்பித் தள்ள வேண்டும். வீட்டுக்காரி மறுபடி தள்ளுவாள், விருந்தாளி மறுபடி திருப்புவார், கடைசியில் கையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொள்வார். அப்போதுதான் போதும் என்று அர்த்தம். வாயால் போதும் என்று சொன்னால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். சொல்லாமல், தள்ளாமல் இருந்தால் இன்னும் பசி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்து செய்து செய்து இது ஒரு வழக்கம் என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்தால்தானே வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுக்க.

முதல் நாள் உம்மா ஒரு கறித்துண்டைத் தள்ளினாள். மிஹோ தலையைத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். உம்மா இன்னொன்றைத் தள்ளினாள். அதுவும் போயிற்று. கையால் சாப்பிடத் தெரியாமல் சோறு முழங்கை வரைக்கும் வழிந்தது, ஆனாலும் தன் பக்கத்தை அவள் துடைத்து வைத்ததுபோல ஆக்கிவிட்டாள். உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்மா, அந்த வீட்டுல சின்னக் கிண்ணத்துல வெச்சு வெச்சுக் குடுப்பாங்கன்னு சொன்னீல்ல" என்றாள் என்னிடம். காலையில் இடியாப்பமும் ஆணம் என்கிற குழம்பும், மத்தியானம் சோறு, சாயங்காலம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம். எதைத் தள்ளினாலும் அது காலி. எதிர் ஃபிளாட் மாமி இதைக் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்து, சஹனில் உட்கார்ந்து, தன் பங்குக்குத் தானும் தள்ளினார். ஜப்பான் பிள்ளைக்கு நம் ஊர்க்கறி இப்படிப் பிடித்துப்போயிற்றே என்று கட்டடம் பூராவும் பெருமை. மிஹோ பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். புது இடம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பெரிய சாப்பாடு. பிற்பகல் அசர் தொழுகை நேரத்தில் பார்த்தால் மிஹோ குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. வந்தபோது முகம் காகிதமாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு விரிப்பில் சுருண்டுவிட்டாள். உம்மா அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டே ஓமத்தண்ணி வைக்க ஓடினாள், நான் கடைக்கு இறங்கி ஓடினேன். வாப்பா வாடிக்கையாளர் முன்னால் விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். கட்டட வாசலில் இருந்த கிளினிக்கில் மலையாளி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஊசி போட்டார், பயப்பட ஒன்றுமில்லை, சாப்பாடு கூடிப்போனதுதான் என்றார். வாப்பா அதைக் கேட்டும் சமாதானமாகவில்லை. நம்பி விட்ட பிள்ளை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிளினிக் ஃபோனிலிருந்தே அவள் வீட்டுக்குப் பேசச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் அவள் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திட்டு வாங்கத் தயாராக வாப்பா சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். மிஹோவின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் இடுப்பை வளைத்துக் குனிந்தார், அவர் மகள் எங்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதற்காக. வாப்பா பதறிப்போய், "நோ நோ சார், மை மிஸ்டேக்" என்று தானும் குனிந்தார். அவர் அதைவிடக் கீழே குனிந்தார். எங்கள் கூடத்தில் சோபாவுக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவில் இருந்தது இரண்டு பேர் நிற்கிற இடம், இன்னொரு தடவை குனிந்திருந்தால் தலையும் தலையும் மோதியிருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மிஹோவின் அம்மாவும் குனிந்துகொண்டே இருந்தார். உம்மா அவர் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தி, சோபாவில் உட்கார வைத்துவிட்டாள்.

மிஹோ விரிப்பில், சாப்பிடும்போது உட்காருகிற பக்கத்திலேயே, எழுந்து உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. உம்மா என்னிடம், "அந்தப் புள்ளட்ட கேளு, ஏன் திருப்பித் தள்ளலைன்னு" என்றாள். கேட்டேன். மிஹோ அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். கொடுத்ததை மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனசு நோகும், அதனால் எப்படியாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன், நாளைக்கு முடிந்துவிடும், பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். இரண்டு வீட்டு மரியாதையும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் படுக்கப் போட்டிருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் அவள் என் உம்மா இல்லை. மிஹோ தனியாக ஊருக்குப் போவதை நான் உம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "தனியாப் போறதுக்கும் இப்படித்தான் சரின்னு சொல்லுச்சா? அவங்க வாப்பாட்ட கேளு" என்றாள். மன்னிப்புக் கேட்க வந்த மனிதரிடம் இதைக் கேட்கலாமா என்று நான் நின்றேன். உம்மா முதுகில் விரலால் குத்தினாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். கேட்டேன், சரி என்றுதான் சொன்னாள் என்றார் கடைசியில்.

வாப்பாவுக்கு அந்த மனிதர் மேல் இரக்கமாகிவிட்டது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உம்மாவிடம் சொன்னார். "அதான் சொல்றாருல்ல, புள்ள சரின்னுருச்சுன்னு. நம்ம புள்ளயும்தான் சரின்னுச்சு."

"அந்தப் புள்ள தின்னவும்தான் செஞ்சுச்சு" என்றாள் உம்மா.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. என் விஷயம் நடுக்கூடத்துக்கு இப்படி வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாப்பா என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மிஹோவின் அம்மா, உம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையை எடுத்தார்.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று நாள் வாப்பா என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் தூங்கவில்லை, படிக்கவில்லை, ஏழெட்டுத் தடவை தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஒருநாள் சாயங்காலம் கடைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது, சேலையை மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "உனக்கு ஊருக்குப் போக இஷ்டமா, இல்ல சும்மா தலையாட்டுனியா?"

"இஷ்டமில்ல வாப்பா. இங்கயே படிக்கிறேன்."

வாப்பா மடிப்பைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மடித்தார். அவ்வளவுதான். பெரியும்மாவிடம் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது, ஃபோனில் ரொம்ப நேரம் ஆயிற்று. ஏப்ரலில் எனக்குப் பிளஸ் ஒன் சீருடை தைத்தார்கள். சந்தோஷத்தில் நான் கட்டடத்தின் மாடிப்படி முழுவதும் ஏறி இறங்கினேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு லேசாகிறது.

மிஹோ போய்விட்டாள். போவதற்கு முன் ஃபோனில் பேசினாள். அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போனதும் அவள் அப்பா அவளிடம் மறுபடி கேட்டாராம். அவள் மறுபடியும் சரி என்றுதான் சொன்னாளாம். எனக்குக் கோபம் வந்தது. ஏன் சொன்னாய், உன்னைத்தான் கேட்டார்களே என்று கத்தினேன். வேண்டாம் என்று சொன்னால் அம்மா என்னோடு வந்துவிடுவாள், அப்பா இங்கே தனியாக இருப்பார், யாராவது ஒருவர் தனியாக இருந்துதான் ஆக வேண்டும், நான் இருக்கிறேன் என்றாள். அவளுக்குத் தள்ளிவிடத் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். அவள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் தன் பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான், பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டுவைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால், மிஹோவின் அம்மா எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தனியாக டாக்ஸி பிடித்து, சந்து சந்தாக விசாரித்து வந்திருக்கிறார். உம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, ஜப்பான் பாஷையும் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் சஹன். உம்மா மீன் துண்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் திருப்பித் தள்ளவில்லை, சாப்பிடவும் இல்லை. இரண்டு விரலால் மெல்ல நகர்த்தி, போன முறை மிஹோ உட்கார்ந்திருந்த பக்கத்தில் வைத்தார். உம்மா பார்த்தாள். கொஞ்சம் சோற்றை எடுத்து அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு இருவரும் தங்கள் பக்கத்திலிருந்து சாப்பிட்டார்கள். நான் பையைக் கழற்றாமலே உட்காரப் போனேன், காலியாக இருந்தது அந்த இடம்தான். அங்கே வேண்டாம் என்று உம்மா கண்ணால் காட்டினாள். நான் உம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். என் கால் அன்றைக்கு ஆடவில்லை.

அதன் பிறகு பல மத்தியானங்கள் அவர் வந்தார். பேசிக்கொள்ள ஒன்றுமில்லாத இரண்டு பெண்கள் எப்படி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. உம்மா ஊரிலிருந்து வந்த கருவாட்டைக் காட்டுவாள், அவர் மோந்து பார்த்துத் தலையாட்டுவார். ஒருநாள் வந்து, உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். அவர் கணவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றலாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில்தான் கேள்விப்பட்டேன். மிஹோ சில வாழ்த்து அட்டைகள் அனுப்பினாள். நான் பிளஸ் டூ முடித்து சென்னைக்குக் கல்லூரிக்கு வந்தேன், முகவரி மாறியது, அவளுக்கும் மாறியிருக்க வேண்டும். அந்த ஊரில் எல்லோரும் எப்போதும் போய்க்கொண்டே இருந்தோம். யார் எங்கே போனார்கள் என்று கேட்டுச் சொல்ல அங்கே தங்கியவர்கள் என்று யாரும் இல்லை.

இப்போது எங்கள் கட்டடம் இல்லை. போன முறை தேராவுக்குப் போனபோது அந்தச் சந்து இருந்த இடத்தையே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஒரு ஹோட்டலின் கார் நிறுத்தம் அங்கே எங்கேயோ எங்கள் கூடத்தின் மேல் இருக்கிறது. ஜப்பான் சேலை கேட்டு யாரும் வருவதில்லை. வாப்பா கடையை முடித்து, விசாவைக் கேன்சல் பண்ணி ஊர் வந்து, சில வருஷத்தில் கண்மூடி மௌத்தாகிவிட்டார். மிஹோவை இணையத்தில் எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன், அந்தப் பெயரில் ஊர்ப்பட்ட பேர் வருகிறார்கள், யாரும் அவளில்லை.

உம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் ஞாபகம் முன்னும் பின்னுமாக இருந்தது. ஒரு மத்தியானம் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "அந்த ஜப்பான்காரம்மா, நம்ம வீட்டுக்கு வருவாங்களே, அவங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நானும் உம்மாவும் கடைசிவரை மிஹோவோட உம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கச் சொல்லி என்னை முதுகில் குத்துகிறவள், மிஹோவின் அப்பாவிடமே கேட்க வைத்தவள், அந்தப் பெயரை மட்டும் அப்போது கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கும் உம்மாவின் பெயர் தெரிந்திருக்காது. "மறந்துபோச்சும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க் கஞ்சியை நீட்டினேன். உம்மா கையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டாள்.